விலாசம் கிடைத்த ஆர்க்கிட்

ஒற்றசேகரமங்கலம் வழியாக வரும் நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. அந்த மலை கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் பொதுவானது. அந்த மலைத்தொடரின் உச்சிகளில், ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேல், வெயில் விழும் பாறைப் புல்வெளிகளில் மட்டும் வளர்ந்த செருப்பு ஆர்க்கிட் பாஃபியோபெடிலம் ட்ரூரியை. மஞ்சள் இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு, கீழே செருப்பின் முனைபோல் குவிந்த பை. இந்தியாவில் இதன் உறவுச் செடிகளைப் பார்க்க வடகிழக்கு மலைகளுக்குத்தான் போகவேண்டும். பரப்பு சிறியது, அதனால் அருகிவிட்டது என்பார்கள். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. அதே சிறு பரப்பில்தான் அது நெடுங்காலம் பிழைத்திருந்தது. அந்த இடம் வாங்குவோருக்கு விலாசமானதே அதன் கேடு.

கர்னல் ஹெபர் ட்ரூரியின் பெயரைச் சூட்டி, சென்னை மாகாண வனத்துறையைச் சேர்ந்த பெட்டோம் 1874இல் இதை விவரித்தார். பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இது காட்டில் யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவு இல்லை. 1970களின் தொடக்கத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆர்க்கிட் வியாபாரத்துக்காகச் செடிகள் வாரிச் செல்லப்பட்டன. நூறாண்டு மறதியில் அழியாதது, சில ஆண்டுப் புகழில் ஏறக்குறைய அழிந்தது. காட்டுத்தீயைச் சொல்பவர்கள் உண்டு. தீயும் சேதம் செய்திருக்கும்தான். ஆனால் அந்தப் புல்வெளிகளுக்குத் தீ புதிதல்ல, செடியை வேரோடு பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றவும் அதற்குத் தெரியாது. இதே மலைகளில் ஓராண்டிலேயே வாழ்ந்து முடியும் காசித்தும்பைகள் உண்டு. அவற்றைப் பறித்தாலும், முன்பே உதிர்ந்த விதை அடுத்த மழைக்கு முளைக்கலாம். ஆர்க்கிட்டுக்கு அந்த வசதி இல்லை. தூசி போன்ற அதன் விதை முளைக்கத் தகுந்த பூஞ்சையின் துணை வேண்டும், வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இடம் தெரியாமல் எப்படிக் காப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காலவரிசை வேறு சொல்கிறது: 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் செடிகளைத் தொடவே இல்லை. 1991 திருத்தத்தில்தான் செருப்பு ஆர்க்கிட்டுகள் உள்ளே வந்தன. காட்டில் பிடுங்கியவற்றின் பன்னாட்டு வியாபாரத்துக்கு முழுத்தடை வந்தது 1990இல். விலாசம் முதலில் வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்தது, காவலருக்குப் பிறகு. வெளிநாட்டுக் கண்ணாடிக்கூடங்களில் இந்த இனம் இன்றும் பூக்கிறது, அதை ஒரு ஆறுதலாகச் சொல்வார்கள். தொட்டியில் பூப்பதால் மலை நிரம்பிவிடாது. இப்போது புதிய செருப்பு ஆர்க்கிட்டை விவரிக்கும் தாவரவியலாளர் பலர் துல்லியமான இடத்தை அச்சில் மறைத்துவிடுகிறார்கள். பெட்டோமைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் அந்த உச்சிக்கு ஏறுவதே பெரும்பாடு. 1970களில் அடிவாரம்வரை சாலையும் இருந்தது, கடல் கடந்த வாடிக்கையாளரும் இருந்தார்கள்.