நக்கன் என்னும் பெண்பாற் பெயர்

பெரியபுராணம் பயின்றார் திருநீலநக்க நாயனாரை நன்கறிவர். அத்திருப்பெயரிலுள்ள நக்கன் என்னுஞ் சொல் சோழர் காலத்துப் பெண்மக்கட்கும் வழங்கியதென்பதை அறிந்தார் சிலரே. அன் ஈற்றுப் பெயர் பெண்மக்கட்கு ஆதல் எங்ஙனம் என்று ஐயுறுதல் இயல்பே.

அரியலூரினின்று திருவையாறு செல்லும் வழியிலுள்ளது கீழைப் பழுவூர். அதன்கண் உள்ள ஆலந்துறை, ஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பெற்ற தலம். பழுவேட்டரையர் ஆண்ட பழுவூரின் ஒரு பகுதி அவனிகந்தர்வபுரம் எனப்பட்டது. அவ்வூர்த் தேவனார் மகளாய், முதல் இராசராசனுக்குத் தேவியான பெருமாட்டியைச் சாசனம் நக்கன் பஞ்சவன் மாதேவி என்று குறிக்கின்றது. பஞ்சவனாவான் பாண்டியன், ஆதலின் பஞ்சவன் மாதேவி என்பது பட்டப்பெயர். முன்னின்ற நக்கன் யாது?

நக்நன் என்னும் வடசொல்லின் திரிபே நக்கன். ஆடையற்றவன் என்பது பொருள். தாருகவனத்துப் பலிதேர்ந்த பெருமானைக் குறிக்கும். மறைத்தற்குரிய மலம் ஒன்றும் இல்லாத முதல்வனுக்கு இஃது எத்துணைப் பொருத்தமான நாமம்! சொற்பொருள் மாத்திரங் கண்டு நகைப்பார் இதனை நினைவாராக.

அக்காலத்தில் மக்கள் பெயர்க்கு முன் தந்தை பெயர் நிற்றல் மரபு. அரிஞ்சயன் தேவி வீமன் குந்தவை என்பதை வீமன் மகள் குந்தவை என்றே கொள்வர். இனித் தஞ்சைப் பெரிய கோயிற் சாசனத்தை நோக்குக. இராசராசன் பல தளிகளினின்றும் கொணர்ந்து குடியேற்றி, ஆளுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கு அளித்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என இவர்தம் பெயர்களில் நக்கன் முன்னிற்கக் காண்கின்றோம். இத்தனை பேர்க்கும் நக்கன் என்னும் மானிடன் ஒருவனே தந்தையாதல் கூடுமோ? தளிக்கு உரியராயினார்க்குச் சிவபெருமானே தந்தை என்பதே கருத்தாதல் வேண்டும். எனவே அன் ஈறு தந்தையைச் சார்ந்தது, பெண்ணைச் சார்ந்ததன்று. எடுத்தபாதம் என்னும் பெயரோ கூத்தப்பிரான் முத்தி நல்கும் திருவடியையே குறிப்பது. அதனைப் பெற்ற மகளை இழித்துரைக்க நாக்கு எழுமோ?

பழுவூர்த் தேவியார்க்கும் இதுவே பொருந்தும். தேவனார் என்பது மானிடத் தந்தை பெயராயின், நக்கன் வேறொரு தந்தையைச் சுட்டும். இறைவன் பெயராயின் இரண்டும் ஒருவனையே சுட்டும். பின்னதே எமக்கு உடன்பாடு.

இவ்வம்மையார் முதல் இராசேந்திரனைப் பெற்றவரல்லர்; சிற்றன்னை முறையினர். ஆயினும் அவன் பழையாறையில் அவர்க்குப் பள்ளிப்படை எடுப்பித்தான். பட்டீச்சரத்தை அடுத்து இராமநாதர் கோயில் என்று இன்று வழங்குவது அதுவே. கல்வெட்டில் அதன் பெயர் பஞ்சவன் மாதேவீச்சரம்.