வேலூருக்குப் போன ரத்தமும் சாத்தூருக்கு வந்த ரத்தமும்

நம் வட்டாரத்தில் ரத்தத்துக்கான தேவை ஒருநாளும் குறைந்ததில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் போன அன்று சிவகாசி அரசு மருத்துவமனை எப்படி இருந்தது என்று எம். புதுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரிய விபத்து இல்லாத நாட்களிலும் தேவை உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு ஒரு பாட்டில், சோகை பிடித்த கர்ப்பிணிக்கு ஒரு பாட்டில். பாட்டில் போய்ப் பை வந்துவிட்டாலும் எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் பாட்டில் என்றுதான் சொல்கிறோம்.

அப்படி ஒரு பை ரத்தம் 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையின் பெயரை உலகப் பத்திரிகைகளில் ஏற்றியது. சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்து ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முப்பத்திரண்டு வருஷம் முந்திய இன்னொரு ரத்தக் கதை ஞாபகம் வரும். அதை முதலில் சொல்லிவிட்டு வருகிறேன்.

1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. வயது 32. அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று நிர்மலா கேட்டபோது, எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் சுனிதி. அப்போது அது அமெரிக்காக்காரன் வியாதி, நம் பண்பாட்டுக்கு இங்கே வராது என்று படித்தவர்களே பேசிய காலம். மருத்துவமனைக்கு வந்த பாலியல் தொழில் செய்யும் பெண்கள் வழியாக விசாரித்து, அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய்ச் சேர்ந்தார் நிர்மலா. மூன்று மாதத்தில் சுமார் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. சேகரித்ததை வைக்கத் தனி இடமும் இல்லாததால் சொந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்தில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் அந்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போனார்கள். எலிசா சோதனையில் சிறு சிறு குழிகளில் ரத்தநீரை விட்டு மருந்து சேர்ப்பார்கள். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருள் அதில் இருந்தால் நிறம் மாறும். அன்று ஆறு குழிகள் மஞ்சளாயின. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். முடிவு மாறவில்லை. அந்த ஆண்டே அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். எய்ட்ஸ் இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது தமிழ்நாட்டில் கண்டுபிடித்த செய்தி.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒரு விஷயம். ரத்தம் எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் தான் சொல்லவில்லை என்றும், சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது என்றும் நிர்மலாவே பின்னாளில் ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை அது. அந்த நோய்க்குத் தமிழில் ஒரு பெயர்கூட அன்று கிடையாது. தொற்று கண்டவர்களில் ஒருத்தி கடத்தி விற்கப்பட்ட 13 வயதுச் சிறுமி என்று சுனிதி சாலமன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் பிறகு அரசுப் பணியை விட்டு, 1993-ல் தம் தந்தை கைதொண்டே பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கி, 2015-ல் இறக்கும்வரை இந்த நோயாளிகளுக்காகவே இருந்தார். அந்தச் சிறுமியின் முகம்தான் அவரை அந்தப் பக்கம் திருப்பியது என்று நான் நினைக்கிறேன்.

இந்த நோயின் பெயர் எனக்கு முதலில் பிரெஞ்சில்தான் தெரியவந்தது. நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். சொந்தத்தில் ஒரு சொல்தா மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் வீட்டுக்கு வரும் பத்திரிகைகளில் 'சிடா' என்று போட்டிருக்கும். இந்த ஜில்லாவுக்கு வேலைக்கு வந்தபின் அதைச் சொன்னால், சிட்டா, அடங்கல் என்று நினைத்துக்கொண்டு எந்தக் கிராமம் என்று கேட்பார்கள்.

கிருமியைக் கண்டுபிடித்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் லுக் மொந்தாஞ்ஞே, பிரான்ஸ்வாஸ் பாரே-சினூஸி குழுவினர். 2008-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட பிரான்சில் என்ன நடந்தது தெரியுமா? 1985-ல் அமெரிக்கச் சோதனை முறை விற்பனைக்குத் தயாராக இருந்தும், உள்நாட்டுச் சோதனை வரட்டும் என்று அனுமதியைத் தாமதப்படுத்தினார்கள். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்கு, கிருமி இருக்கிறது என்று தெரிந்தும் பழைய சரக்கையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்த மையத்தின் தலைவருக்கு 1992-ல் சிறை. பிரதமராக இருந்த ஃபபியுஸ் வரை வழக்கு போய், 1999-ல் அவர் விடுதலையானார். அமைச்சராக இருந்த ஓர் அம்மையார், தனக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் குற்றம் இல்லை என்று சொன்னது பிரெஞ்சில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்த எனக்கு அந்த வாக்கியம் நன்றாகவே புரிகிறது. எல்லா ஆபீசிலும் அதற்குத் தமிழ் உண்டு.

விஞ்ஞானம் மட்டும் நிற்காமல் ஓடியது. எச்.ஐ.வி. ஒரே கிருமி அல்ல என்று தெரிந்தது. ஒன்று, இரண்டு என இரு பெரும் பிரிவுகள். ஒன்றாம் வகைக்குள் ஏ, பி, சி, டி என்று பல கிளைகள். பாரிஸில் முதலில் பிடிபட்டதும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம் பரவியதும் பி. இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லாமே சி. தென்னாப்பிரிக்காவிலும் எத்தியோப்பியாவிலும் உள்ளது இந்த சி-தான். உலகத் தொற்றில் ஏறக்குறைய பாதி இதுவே. மணிப்பூர்ப் பக்கம் பி-யும் சி-யும் கலந்த கலப்பினமும் உண்டு. இரண்டாம் வகை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1991-ல் பம்பாயில் அதுவும் தென்பட்டது. இதெல்லாம் வெறும் ஜாதகக் கணக்கு இல்லை. ஒன்றாம் வகையை மட்டும் பிடிக்கும் சோதனையில் இரண்டாம் வகை தப்பிவிடலாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் இருக்கக் கொடுத்த நெவிரபின் மாத்திரை இரண்டாம் வகையிடம் பலிக்காது. ஆகவே சோதனைக் கருவிகளை மாற்றினார்கள், மருந்தையும் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு கிருமி எந்தக் கண்டத்திலிருந்து எந்த வழியாக வந்தது என்று வம்சாவளி எழுதும் அளவுக்கு ஆய்வகம் வளர்ந்தது.

ஆஸ்பத்திரி வார்டு அந்த வேகத்தில் வளரவில்லை. எந்த நோயாளியின் ரத்தத்தையும் கிருமி உள்ளதாகவே எண்ணிக் கையுறை போடு, ஊசியைக் கவனமாகக் கையாளு, பிறகு யாருக்கு இருக்கிறது என்று தேடவேண்டிய அவசியமில்லை என்று 1987-லேயே அமெரிக்காவில் விதி எழுதிவிட்டார்கள். இங்கே 90-களில் பல இடங்களில் தலைகீழாக நடந்தது. ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுப்பார்கள். இருந்தால் நோயாளியிடம் சொல்வதற்கு முன் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுவார்கள். வார்டு பாய்க்குத் தெரியும், பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியும், உரியவனுக்குக் கடைசியில் தெரியும். அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும், அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். போக்கிடம் இல்லாதவர்களைத் தாம்பரம் சானடோரியம் 1993 முதல் சேர்த்துக்கொண்டது. டாக்டர் தெய்வநாயகம் பெயரை இங்கே சொல்லாமல் விட்டால் பாவம். தென்மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் ஊரில் ஏதோ காரணம் சொல்லிவிட்டு ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினார்கள். 2004 ஏப்ரல் முதல் தேதி கூட்டுமருந்து இலவசமாகத் தொடங்கியபோது அந்த ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருந்தது. அதையொட்டிய வருஷங்களில் புள்ளிராஜா சுவரெல்லாம் நின்றார். அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரே கேட்டது. வந்துவிட்டால் அதை அவரிடம் யார், எப்படிச் சொல்வது என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை 1989 முதல் கட்டாயம். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 முதல் காசுக்கு ரத்தம் விற்பதும் நின்றது. ஆக 2018-ல் சிவகாசியில் சோதனை இருந்தது, சட்டம் இருந்தது, ஊருக்கு ஊர் நம்பிக்கை மையமும் இருந்தது.

இனி நம் ஊர்க் கதை. அந்த நவம்பரில் ஓர் இளைஞன், உறவுக்காரருக்கு உதவ என்று சிவகாசியில் ரத்தம் கொடுத்தான். அது பயன்படாமல் வங்கியில் இருந்து, சாத்தூருக்குப் போயிற்று. பிறகு வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தனக்குத் தொற்று இருப்பது அவனுக்குத் தெரியவந்தது. தெரிந்தவுடன் அவன் செய்த முதல் காரியம், ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னது. அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது.

அப்போது வெளிவந்த செய்திகளின்படி, அவன் 2016-லேயே ஒருமுறை ரத்தம் கொடுத்திருக்கிறான். அன்றே சோதனையில் தொற்று தெரிந்திருக்கிறது. அவனுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. இரண்டு வருஷம் ஒரு பதிவேட்டுக்குத் தெரிந்திருந்தது, பையனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இன்றைக்கும் இருந்திருப்பான், ரத்தம் கொடுக்கவும் வந்திருக்கமாட்டான். 2018-ல் சோதனை ஏன் தவறியது என்று ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள், அது சரிதான். ஆனால் முதல் தவறு 2016-ன் தபாலில் இருக்கிறது. ஒரு சாதாரண அபராத நோட்டீஸையே ஆள் கிடைக்கும்வரை மூன்று முறை அனுப்பி, வாங்க மறுத்தால் கதவில் ஒட்டி, கிராம நிர்வாக அலுவலரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியவர்கள் நாம். ஒப்புகை வராத கோப்பை மூடக்கூடாது என்பது புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கும் தெரியும்.

அந்தப் பையன் குற்ற உணர்ச்சியிலேயே, அந்த டிசம்பர் முடிவதற்குள், தன் உயிரை மாய்த்துக்கொண்டான். தவறே செய்யாதவன். அந்தப் பெண்ணுக்குச் சில வாரங்களில் மதுரையில் பிரசவமாயிற்று. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னால் வந்த சேதி ஒன்றுதான் ஆறுதல். 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்ச ரூபாய் இழப்பீடும், வேலையும், வீடும் தரச் சொன்னது.

நம் வீட்டுப் பேரன் பேத்திகள் முகாம்களில் ரத்தம் கொடுக்கிறார்கள், சந்தோஷம். கொடுக்கும் முன் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. சோதனையில் ஏதாவது தெரியவந்தால், நீங்கள் கொடுத்த முகவரிக்குத் தெரிவிக்கலாமா என்று. அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. ஆம் என்று குறிக்கச் சொல்லுங்கள். முகவரியில் தெருவும் கதவு எண்ணும் முழுதாக இருக்கட்டும். போன் நம்பர், அடுத்த மாதம் மாற்றப்போகிற சிம் கார்டின் நம்பராக இருக்கவேண்டாம்.