இரத்த அழுத்தத்தை அளந்த வரலாறு

இரத்த அழுத்தம் என்னும் சொற்றொடரை இன்று அறியாதார் இலர். வீட்டுப் பெரியவர் மேசையருகே அமர்ந்து, கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, கருவியில் தோன்றும் எண்ணைக் கவலையோடு நோக்குவது பல இல்லங்களில் அன்றாடக் காட்சி. அவ்வெண்ணைக் கொண்டே ஒருவர் வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டுமா, வேண்டாவா என்பது முடிவாகிறது. ஆகவே அது மெய்யான எண்தானா என்று வினவுவது வீண் ஐயம் அன்று. அவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர், அந்த எண் மனிதன் கைக்கு எட்டிய வழியை முதலில் அறிதல் நலம் என நான் கருதுகிறேன்.

இரத்தம் உடலுள் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். அது எத்துணை விசையோடு ஓடுகிறது என்று அளக்க முற்பட்டவரோ மருத்துவர் அல்லர். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரின் பாதிரியாராகிய ஸ்டீவன் ஹேல்ஸ். அவர் ஒரு பெண் குதிரையை உயிரோடு மல்லாத்திக் கட்டிவைத்து, அதன் தொடைத் தமனியில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு ஒன்பது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை குருதி எழுந்து நின்றது! நாடி துடிக்குந்தோறும் அது சில அங்குலம் ஏறி இறங்கியது. கேட்போர் நெஞ்சம் அவ்விலங்குக்காக வருந்தும், எனக்கும் வருத்தமே. எனினும் 1733-இல் ஹேல்ஸ் வெளியிட்ட நூலில் நாம் கருத வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. அவர் உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவில்லை. குழாய் செருகிய இடத்திலிருந்தும் அளக்கவில்லை. இதயத்தின் மட்டத்திலிருந்தே அளந்தார்.

இன்று வீட்டில் அளப்போர் பலரும் மறப்பது இதனையே. கை இதய மட்டத்திற்குக் கீழே தொங்கினால், இடைப்பட்ட குருதியின் எடையும் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குக் கணக்கு ஏறும். மடியில் கிடக்கும் கை 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பின், இல்லாத அழுத்தம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதாகத் தோன்றும். மேசைமேல் கையைத் தாங்கி வைத்தால் இப்பிழை நேராது.

ஒன்பது அடிக் குழாயைச் சுமந்து நோயாளியிடம் செல்ல இயலுமா? 1828-இல் பாரிசில் புவாசேய் என்பார் பாதரசத்தைக் கையாண்டார். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியுடையது. ஆதலின் ஹேல்ஸ் கண்ட எட்டடி உயரம் ஏறத்தாழ 190 மில்லிமீட்டராகச் சுருங்கியது. ஆயினும் தமனியைத் திறக்கவேண்டிய இடர் நீங்கவில்லை. தோலைக் கிழிக்காமல் அளக்கப் பலர் பலவாறு முயன்றனர். அவர்களுள் வெற்றி பெற்றவர் இத்தாலியரான ரீவா-ரோச்சி. 1896-இல் அவர் தூரின் நகரில் வெளியிட்ட கருவி, மேற்கையைச் சுற்றிய ஒரு ரப்பர்ப் பையும் பாதரசக் குழாயும் கொண்டது. அந்தப் பை சைக்கிள் டியூபிலிருந்து பிறந்தது! காற்றடித்துப் பையை இறுக்கும்போது மணிக்கட்டில் நாடி எப்போது மறைகிறது என்று விரலால் உணர்வதே முறை. 1901-இல் இத்தாலி சென்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இக்கருவியைக் கண்டு, தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார்.

அதே 1901-இல் ஜெர்மானியரான ரெக்லிங்ஹவுசன் இக்கருவியின் குறையொன்றைக் கண்டார். பையின் அகலம் சுமார் 5 சென்டிமீட்டரே. குறுகிய பட்டையின் அழுத்தம் தசையின் ஆழத்திலுள்ள தமனியை முழுதும் சென்று எட்டாது. அதனை நசுக்க மேலும் காற்றடிக்க வேண்டும். எனவே எண் பொய்யாக உயரும். பட்டை அகலமாக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்தும் இப்பிழை நம் வீடுகளில் வாழ்கிறது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றி, நோயில்லாதவரை நோயாளி ஆக்குகிறோம். பட்டையுள் இருக்கும் பை, கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கையேனும் தழுவ வேண்டும். சட்டைக் கையின்மேல் கட்டுதலும் கூடாது.

விரலால் உணரும் முறையில் மேலெண் மட்டுமே கிட்டியது. கீழெண்ணைத் தந்தவர் நிக்கொலாய் கொரோத்கோவ் என்னும் உருசிய அறுவை மருத்துவர். உருசிய-சப்பானியப் போரில் பணியாற்றியவர் அவர். காயமுற்ற தமனியைக் கட்டிவிட்டால் உறுப்புப் பிழைக்குமா என்று ஆராயத் தமனிமேல் காதுவைத்துக் கேட்டு வந்தார். முற்றும் நசுங்கிய தமனியில் ஒலியே இல்லை. பட்டையைத் தளர்த்தினால் ஒலி தோன்றுகிறது, பின்னர் மறைகிறது. தோன்றுமிடம் மேலெண், மறையுமிடம் கீழெண். 1905-இல் பீட்டர்ஸ்பர்க் இராணுவ மருத்துவக் கழகத்தில் அவர் அளித்த அறிக்கை ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. உலகெங்கும் மருத்துவர் காதில் ஸ்டெதாஸ்கோப்போடு அழுத்தம் அளந்தது அந்தச் சிற்றறிக்கையின் பயனே.

இனி, மனம் செய்யும் மாயம். 1940-இல் அமெரிக்காவில் ஐமன், கோல்ட்ஷைன் என்னும் இருவர், நோயாளிகளைத் தம் வீட்டிலேயே அளந்துகொள்ளச் செய்தபோது, மருத்துவர் அளந்ததைவிட வீட்டு அளவு குறைந்திருக்கக் கண்டனர். 1983-இல் மிலான் நகரத்து மான்சியாவும் துணைவரும், தமனியுள் இடைவிடாது பதியும் கருவியை வைத்து, மருத்துவர் கட்டிலருகே வந்ததும் நிகழ்வதைக் கண்டனர். சில நிமிடங்களில் மேலெண் சராசரியாகச் சுமார் 27 மில்லிமீட்டர் உயர்ந்தது; பின்னர்த் தணிந்தது. வீட்டில் அளப்பதன் பெருமை இங்கேதான் விளங்குகிறது. மருத்துவ மனையில் 140/90 என்பதற்கு வீட்டில் ஒப்பானது 135/85 என்று கொள்வதும் இதனாலேயே.

ஆனால் மாடிப்படி ஏறிவந்த மூச்சோடு பட்டையைக் கட்டுவோர்க்கு வீடும் மருத்துவ மனையும் ஒன்றே. காப்பியும் புகையும் நீங்கி அரை மணி கழிய வேண்டும். சிறுநீர் கழித்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, காலின்மேல் கால் போடாது, ஐந்து நிமிடம் வாளா இருத்தல் வேண்டும். அளக்கும்போது உரையாடலும் ஆகாது. முதல் அளவு சற்று மிகுந்து வருதல் இயல்பு. ஒரு நிமிடம் விட்டு மீண்டும் அளந்து இரண்டையும் நாளும் நேரமும் இட்டு எழுதி வைக்கலாம்.

2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையின்படி, நச்சுத்தன்மை கருதிப் பாதரசக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. வீட்டிலுள்ள மின்கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டையுள் நாடி எழுப்பும் அதிர்வை உணர்ந்து, கணக்கிட்டு எண்ணைச் சொல்கிறது. நாடி தாறுமாறாகத் துடிப்போர்க்கு அக்கணக்கு தவறக்கூடும். அன்னோர் தம் கருவியை மருத்துவரிடம் எடுத்துச் சென்று, அவர் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டு வாங்குதல் தகும்.