ஒளி சொன்ன சான்று

துடிக்கிறது இதயம், துடிக்க வைப்பது எது? 'உயிர்' என்று ஒரு சொல்லைச் சொல்லி ஓய்ந்துவிட்டோர் உலகெங்கும் உண்டு. அந்தச் சொல்லோடு அமையாமல், 'எப்படி?' என்று கேட்டோரால் வளர்ந்ததே அறிவியல்.

தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புநீரில் துடிக்க வைத்தார், இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர். கண்ட முடிவை 1882-இல் வெளியிட்டார். பின்னர், வடித்த நீரில் உப்பைக் கரைத்தபோது துடிப்புத் தளர்ந்தது. காரணம் தேடினார். முன்பு பயன்பட்டது குழாய்நீர்! அதில் கலந்திருந்த கால்சியமே இதயத்தை இயக்கியிருந்தது. புகழ் குன்றுமே என்று மறைத்தாரா? இல்லை. 1883-இல் தம் முடிவைத் தாமே திருத்தி அச்சேற்றினார்.

ஆனால் உயிரணுவுக்குள் அந்தக் கால்சியம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது? அணுவை உடைத்து அளந்தால் எஞ்சுவது பிணம். பிணமா துடிப்பின் கதை கூறும்?

1962-இல் ஒசாமு ஷிமோமுரா குழுவினர், கால்சியம் பட்டால் ஒளிரும் புரதமொன்றைச் சொறிமீனிலிருந்து பிரித்தனர். 1967-இல் ரிட்ஜ்வே, ஆஷ்லி இருவரும், கடற்பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசின் பருத்த தசையிழைக்குள் அதனை ஊசியால் ஏற்றினர். தசை இயங்கியபோது ஒளி எழக் கண்டனர். எனினும், ஊசிக்கு இடந்தரும் பருத்த அணுக்கள் எத்தனை?

விடை தந்தவர், கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த இளைஞர் ரோஜர் சியென். மெக்னீசியம் மிகுந்திருந்தாலும் மயங்காது, கால்சியத்தையே கவ்வும் மூலக்கூறுகளை 1980-இல் அறிவித்தார். மின்னூட்டம் கொண்ட அவை அணுவின் கொழுப்புச் சவ்வைக் கடக்கமாட்டா. எனவே, 1981-இல் எஸ்டர் என்னும் முகமூடி அணிவித்தார். முகமூடியோடு உள்ளே நுழைந்தன. நொதிகள் முகமூடியைக் கத்தரித்தன. வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கின. ஊசியும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம்!

1985-இல் அவர் குழு படைத்தது ஃபியூரா-2. புறஊதா ஒளியை 340, 380 நானோமீட்டர் ஆகிய இரு அலைநீளங்களில் மாறிமாறிப் பாய்ச்சுவர். கால்சியம் ஏறினால் முன்னதில் ஒளிர்வு கூடும், பின்னதில் குறையும். இரண்டின் விகிதமே விடை. சாயம் மிகுந்ததோ குறைந்ததோ, அணு தடித்ததோ மெலிந்ததோ, கணக்கு ஏமாறாது. ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் நம்பாத நீதிமன்றம் போன்றது அது!

அச்சாயத்தையும் அறிஞர் கண்மூடி நம்புவதில்லை. கால்சியத்தைக் கவ்வும் சாயம் மிகுந்தால், அளக்க வந்ததே அளவை மாற்றிவிடும். ஆகவே சிறிதளவே இடுவர்.

நீரை ஐயுற்றார் ரிங்கர். ஒற்றை ஒளியை ஐயுற்றார் சியென். தோழர்களே, பிறர் கூற்றை ஐயுறுவது எளிது. தன் கையிலுள்ள கருவியையும் ஐயுறுவதே பகுத்தறிவு!