அரைக்காலைத் தள்ளும் கணக்கு

கணிதம் என்றால் மனிதர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலைத்து நிற்கும் உண்மை என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியல்ல, அது மனிதர் செய்து பார்த்து, தவறி, திருத்தி வளர்க்கும் வேலை என்று வாதிட்டார் ஹங்கேரியில் பிறந்த இம்ரே லகடோஸ். அவருடைய கட்டுரை புத்தகமாக வந்தது 1976இல். அவர் 1974லேயே இறந்துவிட்டார்.

கொங்கு நாட்டில் இதை யாரும் தத்துவமாகப் பேசவில்லை. கணக்காகவே செய்தார்கள். கருவூர் நஞ்சையன் பெயரில் 'கணித நூல்' ஒன்று உண்டு. சென்னை ஆசியவியல் நிறுவனம் 1999இல் அதை அச்சிட்டது. நெல்லும் நிலமும் அளக்கிறவர்களுக்கான கணக்கு மரபு அது. இந்தப் பக்கத்தில் 'வள்ளம்' என்றால் தானிய அளவு. நில அளவும் அதுவே!

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), காணி (1/80), முந்திரி (1/320) எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். வர்க்கமூலம் அப்படியல்ல.

இதை மனதில் வைத்துக்கொண்டு, போதாயனர் பெயரில் இணையத்தில் சுற்றும் பாட்டைப் பாருங்கள். செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தில் அரைக்காலைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்குமாம். பைத்தாகரஸையே மிஞ்சிவிட்டோம் என்று ஒரு கூட்டம் கொண்டாடுகிறது. தப்புக் கணக்கு என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. இரண்டு பேரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. சரி. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும், 13. அதுவும் சரி. 15, 8 என்றால் 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வருகிறது. பக்கங்கள் இரண்டும் 1 என்றால் 1.414க்குப் பதில் 1.375. இயற்கணிதத்தில் விரித்தால், மிகச்சரியாக வருவது இரண்டே விகிதங்களுக்குத்தான்: 4:3, 12:5. இவற்றுக்கு இடையில் விடை சற்றுக் கூடும், ஆனால் பிழை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. வெளியே போனால் குறையும். நீண்டு ஒல்லியான முக்கோணத்தில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கே காணாமல் போய்விடும்.

ஆக இது தேற்றமல்ல, கைவழி. மூன்று முறை பாதியாக்கத் தெரிந்தவருக்கு வர்க்கமூலம் இல்லாமலே வேலை முடிகிறது. வயலில் கயிறு பிடிக்கிறவருக்கு அந்தப் பிழை பெரிதல்ல. கோயில் கோபுரத்துக்கு அடி போடுகிறவருக்கு ஆகாது.

1957இல் நயா பைசா வந்தது, பிறகு மெட்ரிக் அளவுகளும் வந்தன. அதோடு காணிக்கும் முந்திரிக்கும் வேலை போயிற்று. அரையும் காலும் மட்டும் பேச்சில் தங்கிவிட்டன.