மனத்துயரும் மூன்று மாதக் காலவரம்பும்: 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு குறித்து

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. பெண் படும் மனத்துயரைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது, எஞ்சியிருப்பவை நடைமுறைக் கோளாறுகளே என்பது அது. சான்றாக 15 ஆம் பிரிவைக் காட்டுவார்கள். இழப்பீட்டைக் கணக்கிடும்போது அவர் அடைந்த மன அதிர்ச்சி, வேதனை, கைநழுவிய பணி வாய்ப்பு, மனநல சிகிச்சைக்கு ஆன செலவு ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று அப்பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் 15 ஆம் பிரிவுக்குப் போக வேண்டுமானால் 9 ஆம் பிரிவைக் கடந்தாக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், தொகையை எண்ணும் இடத்தில் சட்டத்தின் நினைவுக்கு வரும் பெண்ணின் மனம், நாட்களை எண்ணும் இடத்தில் நினைவுக்கு வரவே இல்லை என்பது தெரிகிறது.

கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து வடிவில் புகார் தர வேண்டும் என்கிறது 9 ஆம் பிரிவு. புகார் தர முடியாதபடி சூழல் தடுத்தது என்று புகாரை விசாரிக்கும் குழு கருதினால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதோடு கதவு மூடிக்கொள்ளும். விதிகளின்படி புகாருக்கு ஆறு படிகள் வேண்டும். துணை ஆவணங்களும் சாட்சிகளின் பெயர் முகவரிகளும் உடன் வேண்டும். இச்சட்டம் வருமுன், 1997 இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு தந்த நெறிமுறைகளில் பெண்ணுக்கு இப்படியொரு கெடு இல்லை. புகாரைக் காலத்தே விசாரித்து முடிக்கும் பொறுப்பைத்தான் அவை நிர்வாகத்தின் மேல் சுமத்தின. அந்த வகையில் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பின்னடைவு என்றே சொல்வேன்.

அதே ஆண்டில், 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354அ பிரிவையும் பார்க்கலாம். விரும்பத்தகாத உடல் தீண்டலுக்கு மூன்றாண்டு வரை சிறை என்பதால், அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்க மூன்றாண்டு காலவரம்பு இருந்தது; 2024 ஜூலையில் அவற்றின் இடத்துக்கு வந்த சட்டங்களிலும் அதே அளவுதான். அதாவது அதே செயலுக்கு, அதே ஆளுக்கு எதிராக, காவல் நிலையப் படியேற மூன்று ஆண்டு. தன் அலுவலகக் குழுவின் முன் போய் நிற்க மூன்று மாதம். காலம் கடந்தால் சாட்சியம் பழசாகிவிடும் என்ற வாதம் இந்த ஒப்பீட்டுக்கு முன் நிற்காது.

உளவியல் தரப்பிலிருந்து வரும் சான்றைச் சற்று எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, ஐந்தாம் பதிப்பு, 2013 மே மாதம் வெளியானது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயில் தாமதமாக வெளிப்படும் ஒரு வகை உண்டு என்றும், அதில் நோயின் முழு அடையாளங்கள் குறைந்தது ஆறு மாதம் கழித்தே கூடுகின்றன என்றும் அது வரையறுக்கிறது. நம் சட்டம் கதவை அடைக்கும் அதே ஆறாம் மாதம்! எனினும் அந்நோய்க்கான வாயிற்படி உயரமானது. உயிராபத்து, கடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவை இல்லாமல், கேலிப் பேச்சாலும் இரட்டை அர்த்தத்தாலும் நொந்த பெண்ணை அந்தப் பெயருக்குள் அடக்க முடியாது. ஆகவே நான் நோயின் பெயரை நம்பி வாதாடவில்லை. நோயின் பெயர் இல்லாமலும் நிற்கக்கூடியது அதன் ஓர் அடையாளம்: நடந்ததை நினைவூட்டும் பேச்சு, இடம், ஆள் எல்லாவற்றிலிருந்தும் விலகிப்போவது. புகார் எழுதுவதோ நடந்ததைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, இன்னார் பார்த்தார் என்று ஊரைக் கூட்டும் வேலை. காயம் எந்த வேலையைச் செய்ய விடாமல் தடுக்கிறதோ, அந்த வேலைக்குத்தான் சட்டம் கெடு வைத்திருக்கிறது.

இதற்கும் சட்டத்தில் இடமுண்டு என்பவர்கள் 9 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் காட்டுகிறார்கள். மனத் திறன் இழந்த பெண்ணுக்காக உறவினரோ, நண்பரோ, உளமருத்துவரோ புகார் தரலாம். ஆனால் அந்த உட்பிரிவு அறிந்திருப்பது இரண்டு வகைப் பெண்களை மட்டுமே: ஒன்றும் இயலாதவர், எல்லாம் இயன்றவர். காலையில் வருகைப் பதிவு செய்து, கணக்கை முடித்து, கூட்டத்தில் துன்புறுத்தியவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு, இரவில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் பெண் அதில் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதே நாளை அவருக்கு எதிரான சான்றாகிவிடும்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆசிரியர், துணைவேந்தர் மீது தந்த புகார் அது. கடைசியாகக் குறிப்பிட்ட பாலியல் சம்பவம் 2023 ஏப்ரலில். புகார் அவ்வாண்டு டிசம்பரில். இடையில் பொறுப்பு ஒன்றிலிருந்து அவர் நீக்கப்பட்டிருந்தார். அந்த நீக்கத்தையும் துன்புறுத்தலின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கருதினார். இரு நீதிபதிகள் அமர்வும் பின்னர் உச்ச நீதிமன்றமும் அதை மறுத்தன. ஏப்ரல் சம்பவம் அன்றே முழுமை பெற்றுவிட்டது, பிந்தியவை நிர்வாக நடவடிக்கைகள், ஆகவே புகார் காலங்கடந்தது என்பது முடிவு. ஆயினும் தீர்ப்பை எதிர்தரப்பினரின் தன்விவரக் குறிப்பில் சேர்க்குமாறும் நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பது விசாரிக்கப்படவே இல்லை. அதுபற்றி நானும் எதுவும் சொல்வதற்கில்லை. என் மறுப்பு, முடிந்துபோன சம்பவம், பிந்திய நிர்வாக நடவடிக்கை என்ற அந்தப் பகுப்பின் மேல்தான்.

தீங்கு ஒருமுறை முழுமை பெற்றுவிட்டால், அதன் விளைவு நீடிப்பதால் மட்டும் அது தொடரும் தீங்காகிவிடாது என்ற விதியின் வேர், ஆலந்தி ஞானேசுவரர் கோயில் வழக்கில் 1959 இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இருக்கிறது. பரம்பரைப் பூசை உரிமையிலிருந்து விலக்கப்பட்ட, குரவ் எனப்படும் பூசாரிகள் தொடுத்த வழக்கு அது. அங்கே விதி பொருந்துகிறது. விலக்கியவுடன் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் இடையே அதன்பின் இருந்தது வழக்கு மட்டுமே. பணியிடத்தில் பெண் வெளியேற்றப்படுவதில்லை. அவர் உள்ளேயே இருக்கிறார். விடுப்பு கேட்பதும், ஆண்டு மதிப்பீடு வாங்குவதும், பதவி உயர்வுக்குக் காத்திருப்பதும் அதே மேலாளரிடம். ஏப்ரலில் நடந்ததன் விளைவு என்று நீதிமன்றம் ஒதுக்கும் அச்சம், ஒவ்வொரு நாளும் அந்த அதிகாரத்தால் புதிதாக உண்டாகிறது. 3 ஆம் பிரிவே இதை ஒருவாறு ஏற்கிறது. பணி எதிர்காலம் குறித்த மறைமுக மிரட்டல், பகைமை நிறைந்த பணிச்சூழல், உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய இழிவு ஆகியவற்றைப் பாலியல் நடத்தையோடு தொடர்புடையபோது துன்புறுத்தலாகவே கொள்ளலாம் என்கிறது. கோயில் உரிமை வழக்கின் விதி, சட்டத்தின் இந்தச் சொந்த வாசகத்தை மீறிச் செல்லக் கூடாது.

அப்படியானால் எல்லா நிர்வாக ஆணைகளும் துன்புறுத்தலாகிவிடுமே என்பார்கள். ஆகாது, தொடர்பு உண்டா என்பது விசாரித்து அறிய வேண்டிய உண்மை, வாசலிலேயே தள்ளிவிட வேண்டியதல்ல. பொருட்படுத்த வேண்டிய ஆட்சேபம் பெண்ணியத் தரப்பிலிருந்து வருகிறது: காலவரம்பில் மனநலத்தைக் கொண்டுவந்தால், மருத்துவச் சான்று இல்லாத பெண்ணின் புகார் நிராகரிக்கப்படும், சான்று தந்தவரோ மனநோயாளி என்று ஏசப்படுவார். இந்த அச்சம் நியாயமானது. ஆகவே நான் கேட்பது சான்று அல்ல. புகாருக்கு உள்ளானவரின் மேற்பார்வையில் பெண் வேலை செய்த காலம் முழுவதையும், புகார் தர முடியாதபடி தடுத்த சூழலாகவே குழு கொள்ள வேண்டும். அதை நிறுவ வருகைப் பதிவேடும் நிறுவனத்தின் பணி அடுக்கு விவரமுமே போதும்; அவர் மனத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் மூன்று மாதத்தைப் பொறுத்தவரை இப்படிப் படிப்பதற்கு எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. ஒவ்வோர் உள்ளகக் குழுவும் நாளையே இதை எழுதலாம். அதற்கு அப்பாலுள்ள தடையை நீக்க நாடாளுமன்றத்தால்தான் முடியும். குற்றவியல் சட்டத்தின் மூன்றாண்டு அளவை இங்கும் வைப்பதற்கு எதிராக வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை.