கண் வகுத்த எல்லை

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டுத் தர விதி. மனித உடல் தாங்கும் அளவை வைத்திய நிபுணர்கள் ஆராய்ந்து கண்ட எண் இது என்றே நாம் நினைப்போம். சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது.

1797-ஆம் ஆண்டில் வோக்லன் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர், சைபீரியாவின் செந்நிறக் கனிமம் ஒன்றில் இவ்வுலோகத்தைக் கண்டார். அதன் உப்புக்கள் பல வண்ணங் காட்டியமையால், ‘நிறம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அதைச் சோதிக்கவும் நிறமே துணை நின்றது.

குரோமியம் பெரும்பாலும் இரு வடிவங்களில் நீரில் கலக்கின்றது. தோல் பதனிட உதவும் மூன்று இணைதிறன் உப்பு அத்துணைக் கொடிதன்று. ஆறு இணைதிறன் உடையதே நஞ்சு. நீரில் அமிலமும் டைஃபினைல் கார்பசைட் கரைசலும் சேர்த்தால், அந்நஞ்சு இருக்குமிடத்துச் செவ்வூதா நிறம் தோன்றும். அளவு தெரிந்த கரைசல்களைக் கண்ணாடிக் குழாய்களில் வரிசையாக நிறுத்தி, எதனுடன் நிறம் ஒத்திருக்கிறதெனக் கண்ணாற் பார்த்து முடிவு செய்தனர்.

1946-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 0.05 என்று எல்லை வகுத்தது. அந்நாளைய சோதனையில் தீர்மானமாகக் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு அதுவே! ஆயுள் முழுவதும் அருந்தினாலும் தீங்கு விளைக்காத அளவு எது என்பது தெரியவில்லை என்று அத்துறையே 1962-இல் ஒப்புக்கொண்டது. இதற்கிடையே, 1958-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டது.

நமது இந்தியத் தர நிர்ணயம் 1991-இல் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு இவ்வெண்ணை விதித்தது. 2012-இல் இரு வடிவமும் சேர்ந்த மொத்தக் குரோமியத்துக்கு என மாற்றியது. எண் மாறவில்லை, பொருள் மாறிற்று. இது நல்ல மாற்றமே என்பது நம் கருத்து; ஏனெனில், கிருமியைக் கொல்ல நாம் சேர்க்கும் குளோரினே சாதுவான வடிவத்தை நஞ்சாக மாற்ற வல்லது.

கான்பூரை அடுத்த ராணியாவும் தமிழ்நாட்டு ராணிப்பேட்டையும் பெயரில் மட்டும் உறவுடையன அல்ல. இரண்டிலும் குரோமிய உப்புத் தொழிற்சாலைகளின் கழிவு குவிக்கப்பட்டு, நிலத்தடி நீர் கெட்டது. ராணிப்பேட்டையில் விட்டுச்செல்லப்பட்டது ஓர் இலட்சம் டன்னுக்கும் மேல். கிணற்று நீர் மஞ்சளாகத் தெரிந்தால் எவரும் விலகுவர். 0.05-ஐப் போல் பன்மடங்கு இருந்தும் தெளிவாகத் தோன்றும் நீரைத்தான் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

2008-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், இந்நஞ்சு மிகுதியாகக் கலந்த நீரைப் பருகிய எலிகளுக்குப் புற்றுநோய் கண்டது. இன்றைய கருவிகள் லிட்டரில் ஆயிரத்தில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவைக் காட்டுகின்றன. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 0.01 என்று தனி எல்லை வகுத்தது. நமது விதியில் 1946-ஆம் ஆண்டின் எண்ணே நிற்கின்றது.